இரண்டாம் பாகத்துக்கு ஒரு வில்லன்

செங்குட்டுவன் எடுத்த சூப்பர் ஹீரோ படம் ஊரெல்லாம் ஓடியது. இரண்டாம் பாகத்துக்குத் தயாரிப்பாளர் மூன்று வில்லன்களைப் பேசி முடித்திருந்தார். மூவரும் மலை மாதிரி ஆட்கள். கதை மட்டும் நகர மறுத்தது.

அவன் படத்தொகுப்பாளர் பிலோமினாவைத் தேடிப் போனான். வயதில் அவனுக்கு இளையவர்தான். ஆனால் சினிமாவை அவரிடம் கற்றதால், அவனுக்கு அவர் என்றைக்கும் மேடம்.

"மூணு வில்லன் போதுமா மேடம்? நாலாவதா ஒருத்தனைச் சேர்க்கட்டுமா?"

"உங்க ஹீரோ அவங்களை என்ன பண்ணுவான்?"

"அடிச்சு நொறுக்கிடுவான்."

"அது இப்பவே தெரிஞ்சுபோச்சே. அப்புறம் எதுக்கு டிக்கெட் வாங்கணும்?"

அவனுக்குச் சுருக்கென்றது.

பிலோமினா முதல் பாகத்தை ஓடவிட்டார். வெடிகுண்டு லாரி ஊருக்குள் நுழையாமலிருக்க, ஹீரோ ஆற்றுப் பாலத்தை ஒரே குத்தில் தகர்க்கும் காட்சி. தியேட்டரில் விசில் பறந்த இடம். அங்கே நிறுத்தினார். திரையின் ஓரத்தில், ஆற்றங்கரையில், ஒரு மனிதர் மருந்துப் பையோடு நின்றிருந்தார்.

"இவர் யாரு?"

"துணை நடிகர் மேடம். கூட்டத்துல ஒருத்தர்."

"மருந்து யாருக்கு?"

"அது... சும்மா கையில கொடுத்தது."

"இவர் வீடு அக்கரையிலன்னு வச்சுக்குவோம். பாலம் போச்சு. அன்னைக்கு இவர் எப்படி வீட்டுக்குப் போனார்?"

செங்குட்டுவன் திரையருகே குனிந்தான். எத்தனையோ முறை பார்த்த காட்சி. அந்த மனிதரின் முகத்தை இப்போதுதான் பார்த்தான்.

மூன்று மலைகளும் படத்திலிருந்து போயின. தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மருந்துப் பையோட ஒருத்தன் வந்து நின்னா யாருய்யா பயப்படுவா?"

"ஹீரோ பயப்படுவான் சார்."

அவர் தலையிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "எடுத்துத் தொலை," என்றார்.

படம் வெளியான அன்று செங்குட்டுவனும் பிலோமினாவும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முடிவில், மருந்து போய்ச் சேராமல் மகளை இழந்த அந்த மனிதர் ஹீரோவின் சட்டையைப் பிடித்தார். "ஊரைக் காப்பாத்தினே. சரி. என் பொண்ணு எந்த ஊருடா?" ஹீரோ ஓங்கிய கையை இறக்கினான். அரங்கில் ஒரு விசில் இல்லை. விளக்கு எரிந்ததும் ஜனங்கள் பேசாமல் எழுந்து போனார்கள்.

செங்குட்டுவன் பிலோமினா பக்கம் திரும்பினான். "ஒருத்தர்கூடக் கைதட்டலையே மேடம். படம் போச்சா?"

பிலோமினா எழுந்து கதவைத் திறந்தார். வெளியே ஒரே சத்தம்.

"யார் பக்கம் நியாயம்னு வாசல்ல சண்டை போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. நாளைக்குப் பாருங்க, சாட்சிக்கு ஆளுக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வருவாங்க."