எட்டு விளக்கும் எட்டு வெல்வெட்டும்

அன்று உப்பளத்து மாலைப் பள்ளியின் ஓலைக் கொட்டகையில் இருந்தவர்கள் பத்துப் பேர்: அரிசி ஆலை முதலாளி வைரக்கண்ணு, எஸ்தர் டீச்சர், வீட்டிலேயே எல்இடி விளக்கு செய்யும் பரிபூரணம், பிள்ளைகள் ஏழு பேர்.

பரிபூரணம் செய்த எட்டு விளக்குகள் கூரைக் கழியில் தொங்கின. கொட்டகை கட்டிக் கொடுத்த முதலாளிக்கு அவற்றின் முதுகில் இருந்த அலுமினியத் தகடு பிடிக்கவில்லை. தன் பெயர் தைத்த எட்டு வெல்வெட் துணிகளை நீட்டினார்.

“இந்தத் தகரத்தையெல்லாம் இதால சுத்தி மூடு. இல்லேன்னா விளக்கைக் கழட்டிக்கிட்டுப் போ. பிள்ளைங்க இருட்டுல படிக்கட்டும்.”

அந்தத் தகடு வழியாகத்தான் விளக்கின் சூடு காற்றில் கலக்கும். மூடினால் சூடு உள்ளேயே தேங்கும். மேலே காய்ந்த ஓலை. ஆனாலும் பரிபூரணம் துணிகளை வாங்கிக்கொண்டாள்.

“மூடிடலாம் முதலாளி. ஆனா முதல் மரியாதை உங்களுக்குத்தான்” என்று ஒரு துணியைப் பொன்னாடையாகப் போர்த்தினாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். அவள் மேலும் மேலும் போர்த்திக்கொண்டே போனாள். ஐந்தாவது துணியில் அவர் மீசை நுனியிலிருந்து வேர்வை சொட்டியது.

“போதும்மா, உடம்பு வேகுது! எடு, எடு!”

அவள் உடனே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஓர் அட்டையால் அவருக்கு விசிறினாள்.

“உங்களுக்கு வாய் இருக்கு, சொல்லிட்டீங்க முதலாளி. என் விளக்குக்கு வாய் இல்லை. தாங்காத சூட்டை அது ஓலைகிட்டதான் சொல்லும்.”

வைரக்கண்ணு கூரையைப் பார்த்தார். ஈர மண்ணில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு குனிந்து, வெல்வெட்டுகளை ஒவ்வொன்றாகத் தரையில் விரித்தார்.

“வாங்க கண்ணுங்களா, என் பேர் மேலேயே உட்காருங்க.”

ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். மிச்சம் ஒரு வெல்வெட்.