கத்தாழை மீனின் வயது

"மேடம், எல்லாத்தையும் திறந்துதான் வைக்கணுமா?" என்று கேட்டான் சுடலைமுத்து.

பேராசிரியர் ரெஜினா அலமாரிப் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எதை?"

"என் தரவை. மூணு வருஷமா எடுத்த படம், எண்ணின கணக்கு, எல்லாத்தையும். யாரு வேணும்னாலும் பாக்குற மாதிரி இணையத்துல போட்டாத்தான் கட்டுரை வருமாம். ஆய்வுப் பத்திரிகையில சொல்லுதாங்க. வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

அவனுக்கு வயது நாற்பத்திரண்டு. தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். வகுப்பில் அவன் லேசாக இருமினாலே பிள்ளைகள் அடங்கிவிடுவார்கள். ஆனால் தன்னை முனைவர் ஆக்கியவரின் அறைக்குள் நுழைந்துவிட்டால் அவன் மாணவன்தான். ஆகவே நாமும் அவன் என்றே சொல்வோம்.

"போன மாசம் பல்கலைக்கழகத்துலருந்து ஒரு படிவம் வந்துச்சே, தரவைப் பகிர்ந்துக்கத் தயாரான்னு. அதுல நீ என்ன போட்டே?"

"முழுச் சம்மதம்னு போட்டேன்."

"பெறவு என்ன?"

"படிவம் வேற, மேடம்."

ரெஜினா சிரித்துவிட்டார்.

"யாராச்சும் எடுத்து எனக்கு முந்தி எழுதிட்டா?" என்றான்.

"உன் கட்டுரையைத்தான் ஏத்துக்கிட்டாங்களே. இனி எவன் முந்துவான்?"

"ஒழுங்குபடுத்திப் போட நேரமில்ல, மேடம்."

"இங்க பஸ்ஸேறி வந்த நேரத்துல பாதி முடிஞ்சிருக்கும்."

"போட்டாலும் யாரு திறந்து பாக்கப் போறா?"

"யாரும் பாக்க மாட்டாங்கன்னா உனக்கு என்ன பயம்?"

கொண்டுவந்த சாக்குகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. உண்மையான காரணத்தை மட்டும் அவன் வெளியே எடுக்கவில்லை.

கத்தாழை மீனின் தலைக்குள் சிறு கற்கள் இருக்கும். குறுக்கே அறுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஒன்றாக வளையம் தெரியும். வளையத்தை எண்ணினால் மீனின் வயது. இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் ரெஜினா அப்படி எண்ணிப் போட்ட அட்டவணைதான் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது.

அவருடைய ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எண்ணிக்கை அந்த அட்டவணையோடு ஒத்துவராவிட்டால், ஒத்துவரும்வரை திரும்பத் திரும்ப எண்ணுவார்கள். அப்படிச் செய்யும்படி யாரும் சொன்னதில்லை. அதுவாகவே வந்துவிட்டது.

சுடலைமுத்துவின் புதிய படங்களிலோ எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மையத்தை ஒட்டியிருந்த முதல் வளையம் ஆண்டு வளையமே அல்ல. குஞ்சாக இருந்தபோது விழுந்த வெறும் கோடு. அட்டவணையில் இருந்த அத்தனை மீனுக்கும் ஒரு வயது கூடுதல்.

கட்டுரையில் இதை 'சிறு வேறுபாடு' என்று பூசி மெழுகியிருந்தான். படங்களைத் திறந்து வைத்தால் எந்தக் கத்துக்குட்டியும் எண்ணிக் கண்டுபிடித்துவிடுவான். அதுவும் எப்போது? வியாழக்கிழமை ரெஜினாவுக்குப் பணி நிறைவு விழா. அழைப்பிதழின் அட்டையிலேயே அந்த அட்டவணையை அச்சடித்திருந்தார்கள்.

இவரை நான் எப்படி அவமானப்படுத்துவேன் என்று அவன் மனம் கிடந்து தவித்தது.

"ஒரு படத்தைக் காட்டு," என்றார் ரெஜினா.

மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினான்.

"எண்ணு."

"அஞ்சு, மேடம்."

"வாய்விட்டு எண்ணு."

"ஒண்ணு..." மையத்தை ஒட்டிய கோட்டில் விரலை வைத்தான். "ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு."

ரெஜினா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். வாய்க்குள் எண்ணினார். படத்தைப் பெரிதாக்கி மறுபடி எண்ணினார். அடுத்த படம். அதற்கும் அடுத்த படம். பத்துப் பன்னிரண்டு படங்களாவது பார்த்திருப்பார்.

"எனக்கு நாலுதான் வருது," என்றார்.

அவன் மடிக்கணினியை மூடப் போனான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"ஒன்றரை வருஷமாத் தெரியும், மேடம்."

"ஒன்றரை வருஷமா என்கிட்ட அஞ்சுன்னே சொல்லிக்கிட்டு இருந்திருக்கே."

"உங்க பேரு கெட்டுருமேன்னுதான்..." அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ரெஜினா நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் வாடித்தான் போயிற்று. இருபத்து மூன்று வருடம் என்பது சும்மாவா? மேசையில் கிடந்த அழைப்பிதழை எடுத்து, அட்டையிலிருந்த அட்டவணையைப் பார்த்தார். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று அவன் தலையைக் குனிந்து நின்றான்.

"விழாவுல அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்காங்க," என்றார் ரெஜினா. "என்னத்தைப் பேசன்னு நேத்துலருந்து முழிச்சுக்கிட்டு இருக்கேன். அந்தப் படத்தை எனக்கு அனுப்பு."