வெயிலில் வைத்த பானை

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது போகாமல் கிடந்த காலத்தில், சொக்கபூபதி என்றொரு அரசர் இருந்தார். மந்திரியை நாம் ஏன் தேர்ந்தெடுக்க வேண்டும், நாட்டு மக்களே தேர்ந்தெடுக்கட்டுமே என்று அவருக்குத் திடீரென்று ஓர் ஆசை வந்துவிட்டது. ஊருக்கு ஊர் இரண்டு பானைகள் வைத்தார்கள். ஏரி குளமெல்லாம் தூர்வாரிய பழைய மந்திரி அறவாழிக்கு ஒன்று, களஞ்சிய அதிகாரி உலகநாதருக்கு ஒன்று. பானை சாமிக்குச் சமம். செருப்பைக் கழற்றிவிட்டுப் போய், பிடித்தவர் பானையில் ஒரு கூழாங்கல் போட வேண்டும்.

எண்ணிப் பார்த்தால், எல்லா ஊரிலும் உலகநாதர்தான்! நெல் அளக்கும்போது ஒரு படி குறைக்காவிட்டால் தூக்கம் வராத மனிதர் அவர். அவருக்கா இத்தனை கல் என்று அரசருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சோதிடர், குருப்பெயர்ச்சி என்றார். தளபதி, அவர் மீசைக்கு விழுந்த கல் என்றார். புலவர் சொன்னது புலவருக்கே விளங்கியிருக்காது. அரசர் கடைசியில் விகடகவி வேம்பையனைப் பார்த்தார்.

“வேம்பையா, ஜனங்கள் மனதில் அப்படி என்னதான் இருந்தது? அதை எனக்குக் காட்டு.”

வேம்பையன் மேல் உலகநாதருக்கு வெகுநாள் புகைச்சல். “காட்டட்டும் மகாராஜா. நாளை உச்சிவேளையில் நான் பதவியேற்பதற்குள் காட்டாவிட்டால், நாட்டை விட்டே போகட்டும்” என்றார். அரசரும் தலையாட்டிவிட்டார்.

வேம்பையன் மனைவி அன்றைக்கே பாத்திரங்களை மூட்டை கட்டிவிட்டாள். ஆனால் அவனும் கல் போட்டவன். அவன் உள்ளங்காலில் கொப்புளம் இருந்தது.

மறுநாள் உச்சிவேளை நெருங்கும்போது அரசரைக் கோட்டை முற்றத்துக்கு அழைத்துப் போனான். உலகநாதரும் பின்னாலேயே வந்தார். பானைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. தாங்களும் ஒரு கல் போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். என் கல் அறவாழிக்குத்தான் என்று சொல்லிவிட்டு, அரசர் செருப்பைக் கழற்றினார்.

அறவாழியின் பானை முற்றத்தின் அந்தக் கோடியில், கருங்கல் தளத்தின் மேல் இருந்தது. நாலடி வைப்பதற்குள் அரசர் குதிக்க ஆரம்பித்துவிட்டார். பக்கத்தில் ஒரு பந்தல். ஓடிப்போய் அதற்குள் நின்றார். அங்கே நீர்மோர் இருந்தது, உலகநாதரின் பானையும் இருந்தது. மோரைக் குடித்தார். வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, கையிலிருந்த கல்லை அந்தப் பானையிலேயே போட்டார்.

வேம்பையன் கைகூப்பினான். “ஜனங்கள் மனதில் என்ன இருந்தது என்று கேட்டீர்களே மகாராஜா. சற்றுமுன் தங்கள் மனதில் இருந்ததேதான்.”

அரசர் தம் காலைப் பார்த்தார், பானையைப் பார்த்தார். ஊருக்கு ஊர் பானைகளை வைக்கும் பொறுப்பு யாருடையது என்று விசாரித்தார். களஞ்சிய ஆட்களுடையதாம். உலகநாதர் பந்தல் கூரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பானைகளையும் ஒரே பந்தலில் வைத்து மறுபடி கல் போடச் சொன்னார்கள். அறவாழி ஜெயித்தார். அப்போதும் உலகநாதருக்குக் கொஞ்சம் கல் விழத்தான் செய்தது. அது ஏன் என்று அரசர் யாரையும் கேட்கவில்லை. வயிறு குலுங்கச் சிரித்து, தம்முடைய சரிகைச் செருப்பையே வேம்பையனுக்குப் பரிசாகக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான். மனைவி மூட்டையை அவிழ்த்து உலை வைத்தாள்.