சிங்கச் சுவரும் தெற்குக் காற்றும்

கொன்றையூர் அரசர் செங்கோடருக்கு வியர்த்து ஊற்றியது. ஊற்றாமல் என்ன செய்யும்? சபா மண்டபத்தில் பட்டப்பகலில் எண்பது விளக்குகள். வாசலெங்கும் கனத்த வெல்வெட் திரை. சிம்மாசனத்துக்குப் பின்னால், தெற்குப் பக்கம், பொன்முலாம் பூசிய பெரிய சுவர், அதில் வரிசையாகப் பல்லை இளிக்கும் சிங்கங்கள். எல்லாம் கட்டட அதிகாரி பூவராகரின் கைவரிசை. அந்த மனுஷருக்கு அழகு என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக அப்புவதுதான்.

காற்றே வரவில்லையே என்று அரசர் ஒருநாள் சலித்துக்கொண்டார். பூவராகர் யோசிப்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தார். தெற்கே தாமரைக்குளத்துக்கும் அரண்மனைக்கும் நடுவில் நெசவாளர் தெரு அடைத்துக்கொண்டிருக்கிறது, அந்த அறுபது வீடுகளையும் தரைமட்டமாக்கினால் காற்று தானாக வரும் என்று அளந்துவிட்டார். சுற்றியிருந்த தலையாட்டிகள் ஆமாம் போட்டார்கள்.

அரசவையில் வாய்ச்சாலகன் என்று பேர் வாங்கிய சாத்தப்பன் மட்டும் தலையாட்டவில்லை. அவன் அக்கா வீடு அந்தத் தெருவில்தான். அங்கே எல்லாமே குழித்தறி, பூமியில் பள்ளம் வெட்டி இறக்கியது. அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வேறு ஊருக்கா ஓட முடியும்? இத்தனைக்கும் அந்த வீடுகளில் நுழைந்தாலே உடம்பு குளிரும். கூரைமேல் சுண்ணாம்பு, எதிரெதிரே ஜன்னல், ஜன்னலில் நனைத்த வெட்டிவேர்த் தட்டி, அவ்வளவுதான். இந்த அறிவுக்கொழுந்துப் பூவராகர் ஒருநாளாவது அங்கே எட்டிப் பார்த்திருப்பாரா என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தான்.

வேண்டாம் என்று சொன்னால் அரசர் முரண்டு பிடிப்பார். அதனால் சாத்தப்பன் பணிவாக எழுந்து, இடிக்கும் வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, ஆணையை மட்டும் தெளிவாகக் கேட்டான்.

"எனக்கும் காற்றுக்கும் நடுவில் எது நின்றாலும் இடித்துத் தள்ளு," என்றார் அரசர்.

அக்கா வீட்டைத் தன் கையாலேயே இடிக்கப் போகிறான் என்று பூவராகருக்கு ஒரே குஷி. கொன்றையூரில் எந்த அரச வேலைக்கும் அளவுக் கயிற்றின் முதல் முனையை அரசரின் காலடியில் வைத்துத்தான் தொடங்க வேண்டும். அந்த முறை தவறக் கூடாது என்று அவரே மெனக்கெட்டு நினைவூட்டினார்.

மறுநாள் காலையில் அரசர் சிம்மாசனத்தில் இருந்தபடியே கயிற்று முனையை மிதித்துக்கொண்டார். சாத்தப்பன் மறுமுனையோடு தெற்கே நடந்தான். ஏழு முழம்கூடப் போகவில்லை, கயிறு சிங்கச் சுவரில் முட்டியது. கடப்பாரைக்காரர்களைக் கைகாட்டி அழைத்தான்.

பூவராகர் பதறிக் குறுக்கே பாய்ந்தார்.

"முறைப்படி முதலில் வருவதைத்தானே ஐயா முதலில் இடிக்க வேண்டும்?" என்றான் சாத்தப்பன்.

அரசர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே தலையசைத்தார். சிங்கங்கள் பொத்தென்று விழுந்தன. பின்னால் பார்த்தால், பழைய காலத்துக் கல் ஜன்னல்கள் ஐந்து! திரைகளையும் கழற்றி எறிந்ததும் நெசவாளர் தெருவின் கூரைகளுக்கு மேலாகக் குளத்துக் காற்று ஜிலுஜிலுவென்று உள்ளே வந்தது. விளக்குகள் அணைந்ததை யாரும் கவனிக்கவேயில்லை, அத்தனை வெளிச்சம். ஜன்னலுக்கு வெளியே குளம் நிறையத் தாமரை. அரசர் ஆசனத்தை அந்தப் பக்கம் திருப்பிப் போடச் சொல்லிச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தெரு அப்படியே இருக்கிறதே, காற்று எப்படி வந்தது?" என்று கேட்டார்.

பூவராகர் ஓடிவந்து ஜன்னலை மறைத்து நின்றார். இது நல்ல காற்றில்லை, உடம்புக்கு ஆகாது, தெருவை இடித்தால் வருவதுதான் அசல் காற்று என்று மூச்சுவிடாமல் பேசினார். அரசரின் நெற்றி மறுபடியும் வியர்த்தது.

சாத்தப்பன் கயிற்றை நிதானமாகச் சுருட்டினான். "மகாராஜா, ஆணை இன்னும் முழுசாக நிறைவேறவில்லை. நடுவில் இன்னும் ஒன்று நிற்கிறது. அதற்குக் கடப்பாரை வேண்டுமா, தங்கள் வாய்வார்த்தை போதுமா?"

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். வாய்வார்த்தையே போதுமானதாக இருந்தது. பூவராகரின் பதவி சாத்தப்பனுக்கு வந்தது, அன்றைக்கே மண்டபக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஆட்கள் ஏறினார்கள். வெட்டிவேர்த் தட்டி கட்டிக் காட்ட அரண்மனைக்கு வந்தவள் அவன் அக்கா.