டைனமோவுக்கு ஓய்வு கொடுத்தவர்

செங்கோட்டையில் ஜெபமணி மேஸ்திரி என்று ஒருவர் இருந்தார். தெருவில் போகிற வண்டியின் டைனமோவுக்குத் தலைவலியா, பல்வலியா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். நான் குறைத்துத்தான் சொல்கிறேன்.

அவரிடம் தொழில் கற்ற சீடர் பஸ் டிரைவர் மாசானம். சீடருக்குக் குருவைவிட வயது கூடுதல். குருவுக்கு அதில் தனிப் பெருமை. "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுத்தான் திட்டுவார்.

மலையைத் தாண்டிப் புனலூருக்குப் போகும் முதல் ராத்திரி பஸ்ஸை ஓட்ட வேண்டும் என்பது மாசானத்தின் நெடுநாள் ஆசை. முதலாளியும் சம்மதித்துவிட்டார். அன்று சாயங்காலமே புறப்பாடு. மத்தியானம் மாசானம் தொங்கிய முகத்தோடு பட்டறைக்கு வந்தார்.

"மேஸ்திரி, ராத்திரி டிரிப் எனக்கு வேண்டாம்னு முதலாளிகிட்ட சொல்லப் போறேன்."

"ஏன், இருட்டுன்னா பயமா?"

"டைனமோ பிரஷ் மறுபடியும் தேஞ்சு போச்சு." பிரஷ் என்று அவர் சொன்ன கரித்துண்டு, உள்ளங்கையில் பட்டாணி அளவுதான் இருந்தது. "பகல்லயே இப்படி. ராத்திரி அத்தனை விளக்கையும் எரியவிட்டா நடுமலையில உசிரை விட்டுரும்."

"பகல்ல அதுகிட்ட என்ன வேலை வாங்குறிய?"

"ஒண்ணும் வாங்கல. பேட்டரி சார்ஜைக்கூடக் குறைச்சுத்தான் வைப்பேன். ஹாரன் கிடையாது, கண்டக்டர் கத்துவான். வெள்ளிக்கிழமையானா பிரஷ் உரசுற செம்பு உருளையை உப்புத்தாள் போட்டுத் தேச்சு, பொட்டு வைக்கேன். பெத்த பிள்ளையக்கூட இப்படிப் பாத்ததில்ல. பிறகு ஏன் மேஸ்திரி தேயுது?"

மேஸ்திரி எழுந்து போய்த் தன் காரின் டைனமோவைத் திறந்தார். பட்டப்பகலிலும் விளக்கை எரியவிட்டுக்கொண்டு போகிற கார் அது. ஊரே சிரிக்கும்.

உள்ளே செம்பு உருளை கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. பிரஷ் புதுசு போல நீளமாக இருந்தது.

"சீ, எவ்வளவு அழுக்கு!" மாசானத்தின் கை தானாக உப்புத்தாளைத் தேடியது.

அந்தக் கையில் ஓர் அடி விழுந்தது.

"அழுக்கில்ல அண்ணாச்சி, தோலு! போதுமான கரண்ட் ஓடினாத்தான் செம்பு மேல அது படியும். பிரஷ் அதுமேல வழுக்கிக்கிட்டுப் போகும். நீங்க கரண்டையும் ஓட விடல, படிஞ்சதையும் உரிச்சுப் போட்டிய. வெறுஞ்செம்பு கரியைச் சுரண்டித் தின்னுட்டுது."

"அப்போ இன்னும் நாலு விளக்கு சேத்து மாட்டிருவமா?"

மேஸ்திரி மூலையில் கிடந்த இன்னோர் உருளையைக் காலால் உருட்டிவிட்டார். கருகி, பள்ளம் பள்ளமாக இருந்தது.

"கல்யாண ஊர்வலத்துக்குக் காரை முழுக்க விளக்கா மாட்டித் தேர் மாதிரி ஜோடிச்சவரோடது இது. மாப்பிள்ளை நடந்துதான் போனாரு. உங்களுக்கு பஸ்ஸோட வந்த விளக்கு போதும்."

பஸ்ஸின் டைனமோவில் புது பிரஷ்ஷை அவரே மாட்டினார். மாட்டி முடித்து மீசையைத் தடவிக்கொண்டார்.

"மலைக்கு இந்தப் பக்கமும் சரி, அந்தப் பக்கமும் சரி, இதை நான் சொல்லிக்கொடுத்த ஆளு நீங்க ஒருத்தர்தான். டிரிப்பை வேண்டாம்னு சொல்லி என் மானத்தை வாங்காதிய."

சாயங்காலம் பஸ் நிரம்பிவிட்டது. மாசானத்தின் விரல் விளக்கு சுவிட்சின் மேல் போய் நின்றது. வழியனுப்பக் கீழே நின்ற மேஸ்திரியை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

"மேஸ்திரி, ராத்திரியை இது தாங்குமா?"

"இது தாங்காதது பகலைத்தான். போடுங்க விளக்கை."