பட்டில் படுத்த புடலங்காய்

நெடுங்காலத்துக்கு முன் பூவனூர் நாட்டை விறல்மாறன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். காலையில் நினைத்ததை மாலைக்குள் சட்டமாக்கிவிடும் குணம் அவனுக்கு. ஒருநாள் அவன் ஆசை புடலங்காயின்மேல் விழுந்தது.

“மிக நீண்ட புடலங்காயை விளைவிக்கும் ஊருக்குக் கோடையில் ஏரியின் முதல் தண்ணீர். நானும் போட்டியிடுவேன்!” என்று பறையறைவித்தான்.

அவையில் வல்லபராயர் என்றொருவர் இருந்தார். அமைச்சர் அம்பலவாணரின் இருக்கைமேல் அவருக்கு நெடுநாளாகக் கண். “அமைச்சரே நடுவராகட்டும், அரசே! தீர்ப்புப் பிழைத்தால் நாடு கடத்திவிடலாம்,” என்றார் தேனொழுக. அரசன் அதற்கும் தலையசைத்தான்.

போட்டி நாளில், அவையின் குறுக்கே கட்டிய மூங்கிலில் காய்கள் தொங்கின. கீழக்குளத்திலிருந்து வந்த சடைச்சியின் காய் தரையைத் தொட்டுவிடும்போல் நீண்டிருந்தது. அப்போது நால்வர் ஒரு பலகையைச் சுமந்துவந்தனர். அதில், பட்டின்மேல், அரசனின் காய் படுத்திருந்தது. சடைச்சியின் காயைவிட ஒரு முழம் மிகுதி.

சடைச்சியின் முகம் சுண்டியது. “எங்க ஊருக்கு இந்தக் கோடையும் தண்ணி இல்லையா, சாமி?”

அம்பலவாணர் குனிந்து பார்த்தார். புடலம்பிஞ்சு சுருளாமல் நேராக நீள்வதற்கு, அதன் நுனியில் கயிறு கட்டிக் கல்லைத் தொங்கவிடுவது வழக்கம். கயிறு அழுத்திய தடம் எல்லாக் காய்களிலும் நுனியில் மட்டுமே இருந்தது. அரசனின் காயிலோ நுனியில் ஒன்று, நடுவயிற்றில் இன்னொன்று! நடுவயிற்றில் எவர் கல் கட்டுவார்?

இரண்டு காய்களை இணைத்த ஒட்டுக்காய் இது என்றால், அரசனையே கள்வன் என்றதாகும். இதுவே நீளம் என்றால், கீழக்குளத்தின் தண்ணீரைத் தாமே பறித்ததாகும்.

“ஏன் தயக்கம், அமைச்சரே? கண் மங்கிவிட்டதோ?” என்று சிரித்தார் வல்லபராயர்.

“கண் நன்றாகத்தான் தெரிகிறது. அரசே, இதை வளர்த்த கை எது?”

“விதை என்னுடையது. பேணியவர் வல்லபராயர்.”

“கண்ணுறங்காமல் பேணினேன்!” என்றார் வல்லபராயர்.

“அப்படியானால், அரசரின் காய் மட்டும் ஏன் நோயாளிபோல் படுத்திருக்கிறது? குடிகளின் காய்கள் தொங்குகின்றன. அரசரின் காய்க்குத் தொங்கத் தெம்பில்லை என்று நாடு பேசாதா?”

வல்லபராயர் வெளிறினார். “வேண்டாம், அரசே! மென்மையான காய்... காற்றுப் பட்டாலே வாடிவிடும்...”

“என் காயா மென்மை?” அரசன் எழுந்துவிட்டான். “தொங்கவிடுங்கள்! கல்லையும் கட்டுங்கள்!”

காவலர் கட்டினர். மெல்ல ஒரு விரிசல். மறுகணம் பாதிக் காய் கல்லோடு தரையில் விழுந்தது. பிரிந்த இடத்தில் மெழுகும் மூங்கிற்குச்சியும் தெரிந்தன.

அரசனின் கை வாளுக்குப் போயிற்று. “அமைச்சரே, என்னை ஏமாற்றுக்காரன் என்று சபையில் காட்டினீரோ?”

“இல்லை, அரசே. மேலே தொங்குகிறதே, அதுதான் உங்கள் விதையில் காய்த்தது. குட்டையாயினும் நேர்மையான காய். கீழே கிடப்பது வல்லபராயருடையது.”

அரசன் அந்தக் குட்டைக் காயை அண்ணாந்து நோக்கினான். பிறகு கை வாளை விட்டது.

“வல்லபராயரே, மண்வெட்டியை எடும். கீழக்குளத்துக்கு வாய்க்கால் வெட்டி, முதல் தண்ணீரை நீரே கொண்டுபோய் விடும்!” என்றான். பின் சடைச்சியிடம் திரும்பி, “அடுத்த ஆண்டு உன்னை வெல்கிறேனா இல்லையா, பார்!” என்றான்.

“தாராளமா ஜெயிங்க, மகாராசா. ஆனா தண்ணி நீங்களே ஊத்தணும். ஆளை விட்டு வளர்த்தா இப்படித்தான்.”

அம்பலவாணர் சட்டென்று அரசனின் வாளைப் பார்த்தார்.

அரசன் இடிபோல் சிரித்தான். “எங்கே ஒரு குடம்?”