ஞாயிற்றுக்கிழமை நரகத்துக்கு விடுமுறை

மேற்கே, உலகம் முடிகிற இடத்தில் ஒரு பாறைத் தீவு. அந்தக் கடலின் குளிரை என்னவென்று சொல்ல? மீன்களே குளிர்காயக் கரையேறும். அங்கே கிறிஸ்தவத் துறவிகளின் ஒரு சின்ன மடம். அதன் தலைவர் டூனன். எழுந்தால் முழங்கால் முனகும், உட்கார்ந்தால் இடுப்பு முனகும்.

மடத்தில் எந்தப் பாவத்துக்கும் தண்டனை கடல்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று வேதப் புத்தகத்தின் நூற்றைம்பது சங்கீதங்களையும் பாட வேண்டும். ஒரு வரி தவறினாலும் மறுபடி முதலிலிருந்து. பொய்க்கு ஒரு தடவை. கொலைக்கு வருடக்கணக்கில்.

சீடன் லோர்கானின் அண்ணன் மாட்டுத் தகராறில் ஒருவனைக் கொன்றவன். பாவமன்னிப்புக் கேட்காமலே செத்துப்போனான். அவன் தண்டனையைத் தான் நின்று தீர்த்தால் அவனை நரகத்திலிருந்து விட்டுவிடுவார்கள் என்று லோர்கான் நம்பினான். குளிர்காலம் முழுக்க நின்றான். பற்கள் அடித்துக்கொள்ளும், வரி தவறும். முதலிலிருந்து தொடங்குவான்.

ஒரு ஞாயிறு காலை டூனன் கரைக்கு வந்தார்.

“இன்றைக்குமா?”

“இன்றைக்கும்தான், சாமி.”

“ஆண்டவர் உயிர்த்த நாளடா. நரகத்திலேயே நெருப்பை அணைத்துவிடுவார்கள். தெரியாதா?”

“தெரியும். நான் ஓய்வெடுத்தால் அண்ணன் வெளியே வர ஒரு நாள் தள்ளிப்போகும்.”

டூனன் பாறையில் மெல்ல உட்கார்ந்தார்.

“போன மாதம் காய்ச்சலில் கிடந்தேனே, அப்போது அங்கே போய்வந்தேன்.”

“எங்கே?”

“நரகத்துக்கு. நல்லவேளை, ஞாயிற்றுக்கிழமை. நின்று நின்று சாத்தானுக்குக் கால் வீங்கியிருக்கிறது, பாவம். பிசாசுகள் சூலத்தைத் தலைக்கு வைத்துக்கொண்டு குறட்டை விடுகின்றன. பாவிகள் சாம்பலில் சுருண்டு தூங்குகிறார்கள். ஒருவன் மட்டும் விழித்திருந்தான்.”

லோர்கான் தண்ணீரில் நின்றபடியே அவர் பக்கம் திரும்பினான்.

“என் அண்ணனா?”

“மூக்கு உன் மூக்கு. ‘உனக்கு மட்டும் என்னப்பா?’ என்று கேட்டேன். ‘மேலே என் தம்பியின் பல் அடிக்கிற சத்தம். எப்படித் தூங்க?’ என்றான்.”

அலை வந்து லோர்கானின் நெஞ்சில் மோதியது.

“சாமி, இது நிஜமா? மடத்தில் எல்லாரும் உங்களை…”

“புளுகன் என்பார்கள். தெரியும்.”

“எனக்கு நிஜம் வேண்டும்.”

டூனன் செருப்பைக் கழற்றினார். அங்கியைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். உதடு நீலமாகிவிட்டது.

“ஐயோ! என்ன செய்கிறீர்கள்?”

“பொய்யாக இருந்தால் தண்டனை உண்டே. தள்ளி நில், இடம் விடு.”

“செத்துப்போவீர்கள், சாமி!”

“உனக்கென்ன? என் பாவம்.”

அவர் முதல் சங்கீதத்தைத் தொடங்கினார். முதல் வரியிலேயே தவறினார். மறுபடி தொடங்கினார். மறுபடி தவறினார்.

லோர்கான் அவரை அள்ளித் தூக்கிக்கொண்டு கரையேறினான். கரையில் கழற்றி வைத்திருந்த தன் கம்பளியால் சுற்றினான். பக்கத்தில் உட்கார்ந்து அவர் பாதங்களைத் தேய்த்தான். வெகுநேரம் கழித்துக் கேட்டான்:

“இப்போதாவது சொல்லுங்கள். நிஜமா, பொய்யா?”

டூனன் கண்ணை மூடிக்கொண்டார்.

“சத்தம் போடாதே. அவன் இப்போதுதான் கண்ணயர்கிறான்.”